கட

முள்ளோடை தாண்டுவதற்குள் கலியவரதன் கூப்பிட்டார்.
"மேடம், போர்டுல கடலூரு போயிடுச்சு.
கட-ன்னு மட்டும் நிக்கிது.
எதைக் கடக்கணும்னு கேக்குறாங்க ஜனங்க."
பின்னால் ஹாரன். யாரோ சில்லறைக்குச் சண்டை.
காலை ஒன்பதே கால்.

லாஸ்பேட்டை மாடியில் என் மேசை.
பெட்டிக்குள் ஓடும் ரஸ்ட் நிரல் என்னுடையது.
அதற்குள் விருந்தாளியாக இருக்கும் வெப்அசெம்பிளி மாட்யூல்
பெர்னதெத்துடையது. மஞ்சக்குப்பத்தில் இருந்து எழுதுகிறாள்.
ஒரு வருஷமாக ஒரே பெட்டிக்குள் வேலை,
நேரில் பார்த்தது இரண்டு முறை.

எங்கள் நடுவே சொற்கள் போகாது,
எண்கள்தான் போகும்.
ஆல்பேட்டைச் சாவடியில் புட்டி போகாதது போல
ஊர்ப்பெயரைக் கையில் தூக்கிக்கொண்டு நுழைய முடியாது.
முதலில் இடம் கேட்க வேண்டும்.
அவள் பக்கத்திலிருந்து ஓர் எண் வரும்: இங்கே வை.
வைத்துவிட்டு நான் ஓர் எண் சொல்வேன்: இவ்வளவு தூரம் படி.
முகவரி, நீளம்.
அதற்கு மேல் பேச்சில்லை.

அவள் நினைவகம் முழுக்க எனக்குத் திறந்து கிடக்கிறது.
முதல் பைட்டிலிருந்து கடைசி வரை துழாவலாம்.
என்னுடையதில் ஒரு துளி அவளுக்குத் தெரியாது.
பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
எனக்கு ஒவ்வொரு முறையும்
அடுத்த வீட்டு பீரோவில் கை விட்ட மாதிரி இருக்கும்.

அன்றைக்கு நான் சொன்ன நீளம் ஆறு.
க, ட, ல, அதை ஒட்டி ஊகாரக் குறி,
ர, தலையில் ஒரு புள்ளி.
விரல் விட்டு எண்ணினாலும் ஆறுதான்.
நினைவகம் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது.
நம் ககரத்துக்கு மூன்று.
வெறும் புள்ளிக்கும் மூன்று.
இலக்கணத்தில் அரை மாத்திரைக்கு மேல் கிடைக்காத ர்
இங்கே ஆறு இடம் பிடித்துக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.
மொத்தம் பதினெட்டு.
ஆறு என்றேன், ஆறு படித்தாள்.
கட.

அரியாங்குப்பம் அதே காலையில்
அரிய என்று ஒளிர்ந்திருக்கிறது, பக்கத்தில்
கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.
பாகூர் வண்டி பா என்றே மூன்று நடை ஓடியது.
அதற்கெல்லாம் யாரும் போன் செய்யவில்லை.

அவசரத்தில் நீளத்தை நாற்பத்தைந்து என்று கட்டிவிட்டேன்,
கிருமாம்பாக்கத்தின் அளவு, போதும் என்று.
போர்டு மாறி மாறிக் காட்டும்:
அடுத்த நிறுத்தம், போய்ச்சேரும் ஊர்.
விடுவித்த அதே இடத்தில் புதுப்பெயர் வந்து உட்கார்ந்தது,
பழையதின் வால் அப்படியே கிடக்க.
மறுபடி கலியவரதன்:
"கடலூர்ம்பாக்கம்னு வருது மேடம்.
அந்த ஊருக்கு டிக்கெட் எவ்வளவு போடட்டும்?"

கடலூர்ம்பாக்கம்.
இரண்டு அரசாங்கத்துக்கும் தெரியாத ஊர்.
அங்கே பெட்ரோல் எந்த விலை?
பெர்னதெத்துக்கு அனுப்பினேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"விடுறது வேற, அழிக்கிறது வேற.
நான் விட்டேன், அழிக்கல. நீயும் கேக்கல" என்று பதில் வந்தது.
அது நிரலைப் பற்றித்தானா என்று
இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

எழுத்துகளை எண்ணிய இடத்தில்
பைட்டுகளை எண்ணச் சொன்னேன்.
ஒரே வரிதான் மாறியது.

சாயங்காலம் ஆறரை நடையில் கூப்பிட்டார்.
"முழுசா வருது மேடம், புள்ளியோட."
கொஞ்சம் நிறுத்தி,
"காலையில சாவடில ஒருத்தர் பையை நோண்டிக்கிட்டு இருந்தாரு போலீஸ்காரரு.
நிமிந்தவரு போர்டைப் பாத்தாரு. கட.
சிரிச்சிட்டு பையைக் குடுத்துட்டாரு."
பையில் என்ன இருந்தது என்று கேட்டேன்.
"அது எனக்கெதுக்கு?"

பெண்ணையாற்றுப் பாலம் ஏறிவிட்டது வண்டி.
இணைப்புகளில் சக்கரம் தட்டும் சத்தம்
போன் வழியே ஒவ்வொன்றாக வந்தது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினொன்றில் லைன் அறுந்தது.