சிகரம் முடிந்த கோயில்

கோவில்பட்டியில் பஸ் மாறி
கழுகுமலையில் இறங்கும்போது மணி பதினொன்று.
பாறை அதற்குள் தோசைக்கல்.
தண்ணி பாட்டிலைக் கழுத்தில் ஒற்றியபடி
முன்னால் ஏறுகிறாள் முப்பிடாதி.

வரிசையாய் அமர்ந்திருக்கிறார்கள் தீர்த்தங்கரர்கள்.
மே மாதம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.
காலடியில் வட்டெழுத்து,
செய்வித்தவர் பேராம்.
"ரசீது மாதிரியா?" என்கிறாள்.

அப்புறம் வெட்டுவான் கோயில்.
மலையை உச்சியிலிருந்து குடைந்து இறங்கியிருக்கிறார்கள்.
சிகரம் முடிந்துவிட்டது,
பூதங்கள்கூடச் சிரித்தாயிற்று,
இடுப்புக்குக் கீழே வெறும் கல்.
என்ன ஆச்சோ,
உளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வெகுநேரம் அவள் பேசவில்லை.
எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்:
ரெட்டியார்பட்டி ரோட்டுப்பக்கம்
மூணாம் தவணை வராமல்
பேஸ்மெண்டோடு நின்ற எங்கள் வீட்டில்,
துருப்பிடித்து வானம் பார்க்கும்
கம்பிகளுக்கு நடுவில்.

"நாமளும் மொட்டமாடியில ஆரம்பிச்சிருக்கலாம்லா,"
என்றாள் ஒருவழியாக,
"இந்நேரம் காத்தாவது வாங்கியிருக்கலாம்."

எலுமிச்சைச் சாதம் எனக்குப் புரையேறியது.
தலையில் தட்டியவள்
கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில்
கடலைமிட்டாய் அட்டையின் பின்பக்கம்
சிமெண்ட் மூட்டைக் கணக்கு போடுகிறாள்.
கூட்டல் தப்பு.
கயத்தாறு தாண்டும்வரை
நான் சொல்லவில்லை.