சங்காயம்

மண்டபம் நண்டுக் கம்பெனியில் மூன்று நாள் டிரெய்னிங்.
ஐஸ் அறையை ஒட்டி, ஃபேன் சுற்றாத ஹால்.
கொச்சியிலிருந்து வந்த பிஜு சார்
வெள்ளைப் பலகையில் எழுதினார்:
சார்ட். கிரேட். லேபிள். ஃபைல்.
சொல்லச் சொன்னார். சொன்னோம்,
நாற்பத்தொரு பெண்கள், முகக்கவசத்துக்குள்.

சார்ட் என்றால் பிரிப்பது.
பிரிக்கிறதா, என்றாள் ஜொகரா பீவி.
போன மாதம்தான் அவள் புகுந்த வீட்டில்
நடுவில் செங்கல் வைத்துப் பிரித்தார்கள்.
டிவி இந்தப் பக்கம்,
பிளக் பாயிண்ட் அந்தப் பக்கம்.

ஃபைல் என்றால் கோப்பது.
பூவைக் கோக்கலாம், தாளை எதுக்கு சார்,
என்று சிரித்த நாகஜோதி
தடைக்காலப் பணத்துக்கு எழுதிய தன் பெயரை
பதினோரு மாதமாக ஆபீசில் கோத்து வைத்திருப்பதைச்
சொல்லவில்லை.

நண்டில் எங்களுக்குக் குழப்பமே கிடையாது.
துடுப்புக்கால் மூட்டுச் சதை ஜம்போ. உடைந்தால் லம்ப்.
உதிர்ந்தது ஸ்பெஷல், கொடுக்குக்குள் கிளா.
விரல் படித்துவிடும், கண் சும்மா கூட இருக்கும்.
ஜம்போ விமானம் ஏறும்.
நாங்கள் மூன்றாம் நம்பர் பஸ்.

இரண்டாம் நாள், நாக்கில் நிற்காத ஒரு சொல்:
மிஸலேனியஸ்.
எதிலும் சேராததெல்லாம் சேரும் இடம், என்றார்.
தமிழில் என்ன?
பின்வரிசையிலிருந்து மூன்று குரல் ஒன்றாக:
சங்காயம்.
இழுவைமடியின் அடியில் நசுங்கிய குஞ்சு குளுவான்,
பேர் வைக்க நேரமில்லாத மீன்,
காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும் குவியல்.
எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பரீட்சை.
மேசையில் ஒரு தட்டைக் கவிழ்த்தார்:
சட்டைப் பொத்தான், சோழி, இரண்டு சாவி,
ஈயக்குண்டு, நைலான் நூல், ஒற்றைக் கம்மல்.
கிளாஸிஃபை, என்றார்.
ஜொகரா நிறம் பார்த்தாள்.
நாகஜோதிக்கு விலைபோவது, போகாதது.
டெல்மா கம்மலை மட்டும் தள்ளி வைத்துவிட்டு
இதோட ஜோடி யார்கிட்ட சார், என்றாள்.

என் முறை. நான் தொடவில்லை.
ரெண்டு நிமிஷம்தான், கமான்.
ஆச்சு சார்.
என்ன ஆச்சு?
எல்லாம் ஒரே தட்டிலிருந்து விழுந்தது. அதுதான் வகை.
வலையில் அப்படி வருவதை ஒரு பாடு என்போம்.
எது எதோடு வந்ததோ, அது.
பிரிப்பதெல்லாம் அப்புறம், கரையில்,
ஏலக்காரர் வந்து நின்ற பிறகு.

பாடு என்றால் கஷ்டமும்தானே, என்றார்.
மலையாளத்திலும் அப்படித்தானாம்.

சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் பட்டியல்.
ஏ-யில் பதினெட்டுப் பேர், பி-யில் இருபத்திரண்டு.
எதிலும் நான் இல்லை.
அடியில், பேனாவால், தமிழில் ஒரு தலைப்பு:
‘சஙகாயம்’. புள்ளியை மறந்திருந்தார்.
அதன் கீழே என் பெயர் மட்டும்.

நான் புள்ளி வைத்தேன்.
ஜொகரா பேனாவை வாங்கி
பி-யில் தன் பெயரை அடித்துவிட்டு
எனக்குக் கீழே எழுதினாள்.