ஒளியில் ஒரு பள்ளம்

யுங்காயில் இரவு இரண்டேகால், குளிர் மைனஸ் நான்கு.
நிலவின் தென்முனைக்குப் பதிலாக
எங்களுக்கு வாய்த்தது அட்டகாமா.
சூரியனுக்குப் பதிலாக, நூறு மீட்டர் தள்ளி
தரையை ஒட்டி ஒற்றை விளக்கு.
ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும்
தன்னைவிட இருபது மடங்கு நிழல்.

ஊர்தி நகர்கிறது, நொடிக்கு ஒரு சாண்கூட இல்லை.
அதன் வயிற்றுக்கடியில் சின்ன பல்பு;
மண்ணில் கொட்டிய வெளிச்சத்தில்
திரும்பி வருவதை மட்டும்
எண்ணிக்கொண்டே போகிறது
அகச்சிவப்புக் கண்.

தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை.
அது தின்றுவிட்ட ஒளியைப் பார்க்கிறோம்.
திரையில் சமமாக ஓடிவரும் கோடு
ஓரிடத்தில் தொய்ந்தால்
கொடுத்த கணக்கில் கொஞ்சம் குறைகிறது,
எடுத்தவர் இங்கேதான் இருக்கிறார்.
கானலுக்கு நேர் எதிர்:
அது தெரியும், இருக்காது.

ரடோமிர் பகலிலேயே மூன்று இடத்தில்
ஈரமண் புதைத்திருந்தான்.
எங்கே என்ற தாள் அவன் சட்டைப்பையில்.

இரண்டு கிடைத்தன.
பிறகு, திட்டத்தில் இல்லாத திசையில்
ஒரு பள்ளம்.
ஆறு மீட்டரில் இன்னொன்று.
"அளவுத்திருத்தம் போச்சு" என்றான் ரடோமிர்.
வெள்ளைத் தகட்டைக் காட்டிச் சோதித்தேன்,
கண்ணில் கோளாறில்லை.
சிந்திய அரிசியைக் கொத்திக்கொண்டே போகும்
கோழியைப் போல ஊர்தி போயிற்று,
ஒன்பது பள்ளங்கள், ஒரே வரிசை,

நெல்டா அன்சாவின் தண்ணீர் லாரிவரை.

முகத்தில் விளக்கு விழுந்து எழுந்தவள்
கம்பளியோடு இறங்கிக் குழாயைத் தடவினாள்.
"வாஷர் மாற்றச் சொல்லி
மூன்று மாதமாய் முதலாளியிடம் கேட்கிறேன்.
இதை அவரிடம் அனுப்புங்கள்,
என்னைவிட நன்றாகச் சொல்கிறது."
தகரக் கிண்ணத்தை அடியில் வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அங்கே கிடைத்தால்
லாரி யார் ஓட்டுவார்கள்?"

சிரித்தோம். பதிவேட்டில்
'மூலம்: லாரி' என்று எழுதும்போது
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நிலவில் கோடு தொய்ந்தால்
எழுப்பிக் கேட்க ஆளில்லை.
அது தண்ணீரா, கல்லோடு ஒட்டிக்கொண்ட
தண்ணீரின் பாதியா,
நாமே ஏந்திப்போன ஈரமா?
ஒளி குறைந்தது
என்பதற்கு மேல்
கோடு ஒரு வார்த்தை பேசாது.

மூன்றாவது கிடைக்கவேயில்லை.
விடிந்ததும் தாளைப் பிரித்து,
ரடோமிரே மண்வெட்டியோடு போனான்.
அந்த இடத்தின் மேல்
இரண்டு முறை போயிருக்கிறது ஊர்தி.
தோண்டினான்.
முழங்கை ஆழம்வரை பொடி.
நாங்கள் ஊற்றியதை
இரவோடு இரவாகக் குடித்துவிட்டிருந்தது நிலம்.
சக்கரத் தடத்தைப் பார்த்தபடி நின்றான்.
இல்லை என்று
அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.