வட்டி என்றால் கூடை

தேக்கா சந்தைக்கு எதிரே, இரண்டாம் மாடியில்
உரிமம் பெற்ற கடை எங்களுடையது.
மாதம் நான்கு விழுக்காடு.
தவணை தவறினால் அறுபது வெள்ளி.
கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறவர்கள் அல்ல நாங்கள்.
குளிர்சாதனம் உண்டு, வரிசை எண் உண்டு,
மிட்டாய்க் கிண்ணம்கூட உண்டு.

மதிய இடைவேளையில் நான் படிப்பது
எகிப்து மணலில் கிடந்த துறவிகளைப் பற்றி.
பனையோலையை நனைத்து, முடைந்து,
சந்தையில் எவரோ சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு
வாய் திறக்காமல் திரும்பியவர்கள்.
வட்டி வாங்கிய குருவானவரைப்
பதவியிலிருந்து இறக்கியது ஆதித் திருச்சபை.
கிரேக்கத்தில் வட்டிக்கும் ஈன்ற பிள்ளைக்கும்
ஒரே சொல்லாம்.
எனக்கு அது புதிதில்லை.
வட்டியும் குட்டியும் என்று வளர்ந்த நாக்கு இது;
கடிதத்தில் மட்டும் 'நிலுவைத் தொகை' என்போம்.
உலோகம் சினைப்படுமா என்று கேட்டார்கள் அவர்கள்.
எங்கள் கணினியில்
நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படும்.

பழந்தமிழில் வட்டி என்றால் கூடை.
முதலாளியிடம் சொன்னேன்.
"கூடைக்கு எத்தனை விழுக்காடு?" என்றார்.

சாம்பல் புதனன்று ஞானாதிக்கம் வந்தார்.
ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிக்கு வாங்கிய கடன்,
பதினோரு நாள் தாமதம்.
அவர் நெற்றிச் சாம்பலும் என்னுடையதும்
ஒரே கட்டைவிரல் பூசியது,
விடியற்காலைப் பூசையில், ஓஃபிர் சாலையில்.
(வேதத்தில் ஓஃபிர், பொன் வந்த ஊர்.)
திரையைப் பார்த்தபடியே சொன்னேன்:
அறுபது வெள்ளி.
பையைத் துழாவினார்.
முப்பத்தெட்டு இருந்தது.

மீதியை நான் போட்டேன்.
மறந்துவிடுங்கள் என்றேன்,
ஏதோ பாலைவனத்திலிருந்து வந்தவனைப் போல.

ஐந்து ஞாயிறு ஆயிற்று.
அவர் இப்போது தூணுக்குப் பின்னால் உட்காருகிறார்.
நன்மை வாங்கும்போது அடுத்த வரிசைக்கு மாறுகிறார்.
நானோ வாராவாரம்
தலையசைக்கிறாரா என்று பார்க்கிறேன்.
ஒரு சிரிப்பு, ஒரு "வாங்கண்ணே",
அவ்வளவுதான் எதிர்பார்த்தது.
இருபத்திரண்டு வெள்ளிக்கு
அது எத்தனை விழுக்காடு?

குருத்து ஞாயிறு.
கையில் தந்த ஓலையைப்
பூசை முழுக்க மடித்துக்கொண்டே இருந்தன விரல்கள்.
பக்கத்துச் சிறுவனுக்குச் சிலுவை வந்தது.
எனக்கு
உள்ளங்கை அளவில்
அடி இல்லாத ஒரு வட்டி.