நாலாம் டே ஆர்டர்

ஆபீஸ் சன்னலில் அங்கமுத்து நீட்டிய தாளில்
ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம்.
திங்கள் செவ்வாய் எதுவும் இல்லை.
ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்கள் மட்டும்.
இந்தத் திங்கள் இரண்டு என்றால்
அடுத்த திங்கள் ஒன்று.
நடுவில் ஒரு லீவு விட்டால்
எல்லாம் ஓர் இடம் தள்ளி உட்காரும்.

'எந்தக் கெழம சீக்கிரம் வருவ?' என்றாள் அம்மா.
காப்பிப் பழம் பறிக்கும் மாசம் வந்தால்
கூட ஒரு கை வேண்டும் அவளுக்கு.
'கெழம இல்லம்மா, நம்பர்.'
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
ரேஷன் அட்டையில் பெயர் விடுபட்டதைப் பார்ப்பதுபோல.

ஜியாலஜியை மட்டும் பேனாவால் எழுதினேன்.
மேஜர்.
(மாமா கேட்டார்:
'மேஜருன்னா நேரா பட்டாளத்துல எடுத்துக்குவானா?')
கனிமவியல், முதல் மணி, நகராது.
இரண்டாம் டே ஆர்டர் மதியம் பாறைச் செய்முறை, நகராது.
தமிழும் ஆங்கிலமும்
நாலு துறையைச் சேர்த்து அடைத்த பெரிய ஹாலில்.
அதை நகர்த்த நான் யார்?
மிச்சமெல்லாம் பென்சில்.

காளான் வளர்ப்பு கேட்டேன்.
நாற்பது இடத்தையும் பி.காம். வாங்கிவிட்டது.
பேச்சுக்கலை இருக்கிறது என்றார் அங்கமுத்து.
சரி, பேசுகிறேன்.

கடைசியாக அலைடு.
கணக்கா, வேதியியலா?
கணக்கென்றால் எல்லா நாளும் மூன்றரைக்கு வெளியே.
வேதியியலென்றால்
நாலாம் டே ஆர்டரில் ஆய்வகம் நாலே முக்கால் வரை.
நாலு ஐம்பத்தைந்துக்கு
அஸ்தம்பட்டியைத் தாண்டுகிறது என் பேருந்து.
கல்லூரி வாசலிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம்,
ஓடினால் எட்டு,
ஆய்வகக் குடுவையைக் கழுவி வைக்காமல் ஓடினால் ஏழு.
விட்டால் அடுத்தது ஆறரை.
அது மேலே ஏறி முடிப்பதற்குள்
மஞ்சக்குட்டை போகும் கடைசி வண்டி
பனிக்குள் போயிருக்கும்.

'மேத்ஸ் எடுடி, செத்தா போயிருவ?' என்றாள் ஜெசிந்தா.
எடுத்தேன்.
கட்டத்தில் எழுதியும் விட்டேன்.
அப்புறம் பாடத்திட்டப் புத்தகம், முப்பத்தொன்றாம் பக்கம்,
மூன்றாம் ஆண்டு, புவிவேதியியல்.
எறும்பு எழுத்தில் அடியில் ஒரு வரி:
முதலாண்டில் வேதியியல் பயின்றிருத்தல் வேண்டும்.

மறுநாள் இறங்கும் பேருந்தில்
மடியில் வைத்து அழித்தேன்.
இருபதில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும் வளைவுகள்.
பன்னிரண்டில் பென்சில் வழுக்கி
வேதியியல் தமிழுக்குள் புகுந்தது.
எட்டில் ரப்பர் சீட்டுக்கடியில் உருண்டது.
வெளியே வெட்டிய பாறை,
கறுப்பும் நீலமுமாய், ஈரத்தோடு.
அதன் பெயர் சார்னோகைட்.
நாலாம் அலகு. இன்னும் நடத்தவில்லை.
பதினேழு வருஷம் அதை உரசித்தான் போய் வருகிறேன்,
பெயர் போன வாரம்தான் தெரியும்.

ரப்பரை எடுத்துக் கொடுத்தார் கண்டக்டர் மாதையன்.
தாளை எட்டிப் பார்த்தார்.
விசில் கயிற்றைப் பிடித்தபடி
கோரிமேடு வரை விவரம் கேட்டார்.
கிழமை ஏன் இல்லை என்று
அவரும் ஒருமுறை கேட்டார்.

இப்போது தினமும் காலையில்
டிக்கெட் கிழிக்கும்போது கேட்கிறார்:
'இன்னைக்கு எத்தன?'
ஒன்று என்றால் சில்லறை தருகிறார்.
ஐந்து என்றாலும் சில்லறை தருகிறார்.
நாலு என்றால்
டிக்கெட் கட்டின் முதுகில் ஒரு கோடு போட்டுக்கொள்கிறார்.

'ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல நிக்க மாட்டேன்.
டிரைவர் மாறுனா
நான் பொறுப்பில்ல.'