ஒற்றைக் காலுறை

இரவு இரண்டு மணிக்கு
சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம்.
பூனை கதவைப் பிராண்டுவதுபோல.
எங்கள் வீட்டில் பூனை இல்லை.
நாலு வயது எல்ஸ்பெத்
தன் முழங்கை மடிப்பைத்
தூக்கத்திலேயே உழுதுகொண்டிருக்கிறாள்.

பீட்டர்ஹெட்டில் ஜனவரி.
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
ஹீட்டர் ஓடினால் தோல் காய்கிறது,
நிறுத்தினால் பிள்ளை நடுங்குகிறாள்.
நடுவே ஓர் எண் இருக்கிறது, பதினெட்டு.
அதைக் கண்டுபிடிக்க
எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை.
மேல்வீட்டு மோராக் பக்கன்
ஆப்பிள் வினிகர் என்றாள்.
குளியலறை முழுக்க ஊறுகாய் வாசம்;
பிள்ளை அலறிய அலறலில்
கூரைமேல் கடற்காகங்கள் எழுந்து பறந்தன.
ஆலையில் என் பக்கத்தில் நின்று
ஹாடக் மீன் அறுக்கும் டோகல்
எலுமிச்சை என்றான்.
அவனை ஒரு பார்வை பார்த்தேன்.
அத்தோடு வாய் மூடிக்கொண்டான்.

அபர்டீனிலிருந்து அவள் அம்மா அனுப்பிய ஜாடி
அழகானது.
பச்சை இலை, தங்க எழுத்து:
நூறு சதம் இயற்கை.
திருப்பிப் பார்த்தேன்.
லாவெண்டர், ரோஜா, ஆரஞ்சுத் தோல்,
ஒரு தோட்டமே உள்ளே உட்கார்ந்திருந்தது.
மறுநாள் காலை
கழுத்தைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு மாலை.
'காஞ்சொறியும் இயற்கைதான், கிர்ஸ்டி'
என்று எழுதினேன்.
அழித்தேன்.
'நன்றி, வாசம் ஒத்துக்கொள்ளவில்லை'
என்று அனுப்பினேன்.

அன்றிலிருந்து
பாட்டில்களின் முதுகைப் படிக்கிறவன் ஆனேன்.
கடை நடுவே கூடையை வைத்துவிட்டுப்
பொடி எழுத்தை எழுத்துக்கூட்டுவேன்.
என் சட்டம் சின்னது:
மணக்கிறதா, வேண்டாம்.
பெயர் நீளமாக இருந்தால் பயப்படாதே.
பெயர் அழகாக இருந்தால்
கொஞ்சம் பயப்படு.

கடைசியில் கை கொடுத்தது கஞ்சி டப்பா.
காலையில் நாங்கள் தின்னும் அதே ஓட்ஸ்.
என் பழைய பருத்திக் காலுறையில்
இரண்டு பிடி போட்டு முடிந்து
குழாய் வாயில் தொங்கவிட்டேன்.
வெதுவெதுத் தண்ணீர் அதன் வழியே இறங்கித்
தொட்டி மோர் நிறமானது.
பத்து நிமிடம், அதற்குமேல் இல்லை.
பிழிந்தால் வழவழவென்று ஒரு கூழ்;
எல்ஸ்பெத் அதற்குப்
பூதத்தின் சளி என்று பெயர் வைத்தாள்.
முதல் நாள் அதில் வழுக்கி விழுந்தது
நான்தான்.

துடைக்காமல் ஒற்றி எடுத்து,
ஈரம் காய்வதற்குள்
மணமில்லாத வாசலின்.
சிவந்த இடத்தில் மட்டும்
டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு,
விரல் நுனி அளவு.
அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.
ஓட்ஸ் தனியாக ஜெயிக்கவில்லை.

நேற்று தொட்டிக்குள்ளிருந்தபடி
என் கையைப் புரட்டிப் பார்த்தாள்.
நாளெல்லாம் உப்புநீரும் பனிக்கட்டியும் தின்ற கை.
கணுவுக்குக் கணு வெடிப்பு.
'அப்பா, உனக்கும் இருக்கு.'
அதைத் தோல் என்று
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.
கத்திக்குப் பிடி இருப்பதுபோல
எனக்கு அது இருந்தது, அவ்வளவுதான்.
இழுத்துத் தண்ணீரில் அமிழ்த்தி
புறங்கைமேல் காலுறையைப் பிழிந்தாள்.
எரியும் என்று பல்லைக் கடித்தேன்.
எரியவில்லை.
கடித்த பல்லை என்ன செய்வதென்று
சற்று நேரம் தெரியவில்லை.

விடிகாலை ஐந்து மணி.
பிள்ளைக்குத் துணையாக மோராக் வந்து
சோபாவில் படுத்துவிட்டாள்.
(வினிகரை மேல்தட்டில் ஒளித்துவிட்டேன்.)
இழுப்பறையில் ஒற்றைக் காலுறை.
அதன் ஜோடி
குழாயில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
ஒரு காலில் நீலம், மறுகாலில் சாம்பல்,
பூட்ஸுக்குள் யாருக்குத் தெரியும்?

டோகலுக்குத் தெரிந்துவிட்டது.
'என்ன, காதலா?' என்றான்.
'ஓட்ஸ்' என்றேன்.
தலையை ஆட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினான்.

பத்து மணித் தேநீருக்கு எல்லோரும் போனபின்
கையுறையைக் கழற்றினான்.
விரல்களை வெளிச்சத்தில் விரித்து
என்னைப் பார்க்காமலே கேட்டான்:
'எந்தக் கடை ஓட்ஸ்?'