வேண்டுதலா?

கல்லணையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவர்தான்
முதலில் கேட்டார்: "வேண்டுதலா?"
இரண்டு சைக்கிள், நான்கு பை,
தலைக்கவசம் போட்ட, நாற்பதைத் தாண்டிய இருவர்.
இல்லைங்க, சும்மா, பூம்புகார் வரைக்கும் என்றேன்.
சும்மாவா, என்று கெண்டையைத் திருப்பிப் போட்டார்.

திருக்காட்டுப்பள்ளியில் பஞ்சர் ஒட்டுகிறவர் கேட்டபோது
புஷ்பகலா முந்திக்கொண்டாள்:
"ஆமாண்ணே, இவருக்கு சர்க்கரை இறங்கணும்னு."
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடத்தைப் பார்த்தபடியே
எறங்கிடும், என்றார் அவர், டாக்டர் மாதிரி.

தை மாதம்.
தார்ச்சாலையில் பாதி சாலை, பாதி நெல்.
என் முன்சக்கரம் ஒரு குவியலின் ஓரத்தைக் கலைத்ததற்கு
முக்காடிட்ட பெண் ஒருத்தி
என் ஏழு தலைமுறையையும் அழைத்தாள்.
அறுவடை இயந்திரம் எதிரே வந்தால்
வாய்க்காலுக்குள் இறங்கி நின்று வழிவிட வேண்டும்.
செயினில் வைக்கோல்.
கிழக்கே கடல் இருக்கிறதென்று
பிற்பகலானால் காற்று முகத்தில் அடித்துச் சொல்லும்.

உண்மையில் நான் அதிகம் பார்த்தது ஆற்றை அல்ல,
முன்னால் போகிறவளின் முதுகை.
சட்டையில் வியர்வை
தோளுக்கடியில் ஒன்றாகப் புறப்பட்டு
இடுப்பு வருவதற்குள்
குடமுருட்டி, அரசலாறு, பெயர் தெரியாத இன்னும் நாலு என்று
பிரிந்து பிரிந்து காய்ந்தது.

திருவையாற்று டீக்கடையில் மறுபடி அதே கேள்வி.
சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"குழந்தைக்கு."

ஆறு வருடமாக அந்தச் சொல்லை
மேல் அலமாரியில் வைத்திருந்தோம்,
விருந்தாளிப் பாத்திரங்களுக்குப் பின்னால்.

கடைக்காரர் டீக்குக் காசு வாங்கவில்லை.
தாரிலிருந்து இரண்டு பழம் திருகி
அவள் பையில் அவரே போட்டார்.
பாபநாசம் தாண்டித்தான் எனக்கு வாய் திறந்தது:
"பொய் சொல்லி வாங்கின பழம்."
"பொய்யா?" என்றாள்.
அவ்வளவுதான்.
கும்பகோணம் லாட்ஜில் சைக்கிள்களை ஜெனரேட்டரோடு
சேர்த்துக் கட்டச் சொன்னார்கள்; கட்டினோம்.
தைலத்தை அவரவர் முட்டிக்கு
அவரவரே தேய்த்துக்கொண்டோம்.

மறுநாள், ஆடுதுறைக்கு அப்பால் ஒரு பாலத்தில்
ஒன்றும் சொல்லாமல் திரும்பி
வடகரைக்குப் போய்விட்டாள்.
நான் தென்கரை.
நடுவே காவிரி, கரைக்குக் கரை பாதித் தண்ணீர்.
கருவேலம் மறைக்கும், விலகும்;
இடைவெளிகளில் அவளுடைய ஆரஞ்சுப் பை
விட்டு விட்டுத் தெரிந்தது.
நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகப் போனது.
மணி அடித்துப் பார்த்தேன்.
கொஞ்சம் பொறுத்து அங்கிருந்தும் மணி.

எருமைகள் இறங்கியிருந்த ஒரு துறையில் நின்றாள்.
ஒரு பழத்தை உரித்துத் தின்றாள்.
இன்னொன்றை எனக்காக வீசினாள்.
பள்ளியில் குண்டு எறிந்தவள்;
ஆனாலும் ஆறு ஆறுதான்.
முக்கால் தூரத்தில் விழுந்தது.
எருமை முதுகில் படுத்திருந்த பொடியன்
பாய்ந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி,
இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பார்த்து,
"யாருக்கு?" என்றான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்:
"உனக்குத்தான்!"

குத்தாலம் பாலத்தில் எனக்காக நின்றிருந்தாள்,
கழன்ற செயினை மாட்டிய கையோடு.
கறுப்பு மையை என் சட்டையில் துடைத்தாள்.
என்னிடம் இரண்டு சட்டைதான்.

மேலையூர் தாண்டினால் காவிரி
மூன்று சைக்கிளை நீளவாக்கில் போட்டால்
முடிந்துவிடுகிற அகலம்.
பூம்புகார் மணலில் உருட்டவே முடியவில்லை, தூக்கினோம்.
ரோந்து வந்த ஏட்டு கேட்டார்: "வேண்டுதலா?"
அவள் தலைக்கவசத்தைக் கழற்றியபடி
என்னையே பார்த்தாள்.

"லீவு சார்."

"லீவா?" என்று அவர் கடலைப் பார்த்தார்,
அதற்காவது புரிகிறதா என்று.

மாயவரம் போகிற பஸ்ஸின் கூரையில்
சைக்கிள்களைக் கயிறு போட்டு ஏற்றினோம்.
லக்கேஜுக்கு எப்படிப் போடுவதென்று கண்டக்டர் குழம்பி,
பிறகு அவரே முடிவெடுத்து,
"ரெண்டு முழுசு, ரெண்டு அரை"
என்று கிழித்துத் தந்தார்.

முழுசு இரண்டும் என்னிடம்.
அரை டிக்கெட்டுகளை அவள் வாங்கிக்கொண்டாள்.